ஒரு சாதாரணச் சளி

தூத்துக்குடியில் ரொசாரியோ, டெய்சி தம்பதியின் மகள் அனிலா அரிதான மரபணுக் குறையோடு பிறந்தவள். சின்னத் தொற்று வந்தாலும் அவள் நுரையீரலில் சீழ் கோத்துவிடும். அதனால் ஏழு வயது வரை, காற்றை வடிகட்டித் தரும் கண்ணாடி அறைக்குள்ளேயே வளர்ந்தாள்.

போன வருடம் அவளுடைய ரத்த அணுக்களை எடுத்து, திருத்தி, மறுபடி உடம்பில் செலுத்தினார்கள். "வேலை செய்யுதான்னு நோய் வந்தாத்தான் தெரியும்," என்றார் டாக்டர் மெஹருன்னிசா. அனிலா பள்ளிக்குப் போகத் தொடங்கினாள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் மூக்கொழுக வீடு திரும்பினாள். மார்பில் ஒட்டியிருந்த பட்டை, காய்ச்சலை உணர்ந்து மருத்துவமனைக்குச் செய்தி அனுப்பியது. டெய்சி கண்ணாடி அறையைத் திறக்க ஓடினாள். சுவர்த்திரையில் தோன்றிய டாக்டர் தடுத்தார்.

"உள்ள கொண்டு போகாதீங்கம்மா. மருந்தும் வேண்டாம். அவ உடம்பே சண்டை போடட்டும். நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

"எப்படி டாக்டர் சும்மா இருக்கது?" என்று டெய்சி அழுதாள். ரொசாரியோ மகளை மடியில் கிடத்தி, அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் அனிலா எழுந்து உட்கார்ந்தாள். "பசிக்கும்மா, தோசை சுடு," என்றாள்.

திரையில் டாக்டர் சிரித்தார். "நுரையீரல் சுத்தமா இருக்கு. வந்தது வெறும் சளி. அவளே விரட்டிட்டா."

ரொசாரியோ கடைக்கு ஓடி, மஸ்கோத் அல்வா வாங்கிவந்து தெரு முழுக்கக் கொடுத்தார்.

"என்னண்ணே விசேஷம்?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுக்காரர்.

"எம் மவளுக்குச் சளி பிடிச்சிருந்துச்சுல்லா!"

பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல் அனிலாவைப் பார்த்தார். அவள் பெருமையாக மூக்கை உறிஞ்சிக் காட்டினாள்.