ஏழு மணி ஊர்வலம்

"அண்ணே, ஆரப்பாளையம் பேட்டரி கடையா? வண்டியில லைட்டு செத்துப்போச்சுண்ணே! ஏழு மணிக்குப் பொண்ணு மாப்பிள்ள ஊர்வலம். உடனே ஆள அனுப்புங்க!"

ஜெயபாண்டி போட்ட சத்தத்தில் பந்தல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மணி ஐந்தரை.

வாடிப்பட்டி தாண்டியிருந்த அந்த மண்டபத்தில் ரோட்டு வாசலிலிருந்து மேடை வரைக்கும் பெரிய தோட்டம். தோட்டத்து விளக்கையெல்லாம் அணைத்துவிட வேண்டும். பேட்டரி வண்டியின் வெளிச்சம் மட்டும் மெல்ல ஊர்ந்து வர, அதில் மணமக்கள் வர வேண்டும். இதுதான் ஏற்பாடு. ஜெயபாண்டி அந்த ஆறு சீட்டு வண்டியைப் பழசாக வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. இதுதான் முதல் கல்யாணம். வண்டி முழுக்க மல்லிகைச் சரம் தொங்கியது. ஹெட்லைட் இரண்டும் கண்ணை மூடிக்கிடந்தன.

"மெக்கானிக் இன்னைக்கு லீவு தம்பி."

"லீவா? என் பொழப்பே போச்சுண்ணே!"

"எந்த மண்டபம்னு சொன்னீங்க?" கேட்டுக்கொண்ட கடைக்காரர் ஏனோ சிரித்தார். "சரி, போன வைங்க. பத்து நிமிசத்துல ஆள் வரும்."

சொன்னபடியே சமையல்கட்டுப் பக்கமிருந்து ஒரு பெண் ஓட்டமும் நடையுமாக வந்தாள். தொளதொளவென்று ஒரு மழைக்கோட்டு, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு, முகத்தில் மாஸ்க், கையில் ரப்பர் உறை.

"டூல்ஸ் கொண்டாரலண்ணே. மண்டபத்து எலக்ட்ரீசியன்கிட்ட இரவல் வாங்கிட்டேன். ம்... லைட்டப் போடுங்க."

போட்டான். எரியவில்லை.

"ஹாரன்?"

அதுவும் ஊமை.

"வண்டி மட்டும் நல்லா ஓடுது தங்கச்சி. மாட்டுத்தாவணியில புது பல்பு வாங்கி மாட்டியும் பாத்துட்டேன்."

"பல்பு என்ன பாவம் பண்ணுச்சு? லைட்டும் ஹாரனும் ஒண்ணாச் செத்தா, ரெண்டுக்கும் பொதுவான வழியிலதான் கோளாறு."

சீட்டைத் தூக்கினாள். உள்ளே வரிசையாக எட்டு பேட்டரிகள். முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது.

"அய்யய்யோ! எப்பண்ணே தண்ணி ஊத்துனீங்க?"

"தண்ணியா? சார்ஜு போட்டா போதும்னுல்ல இருந்தேன்."

"வெறும் சோத்தப் போட்டு, குடிக்கத் தண்ணி குடுக்காம விட்டா நீங்க ஓடுவீங்களா?"

மீட்டரை எடுத்து மளமளவென்று தொட்டுப் பார்த்தாள். "ஃபியூஸ் நல்லாருக்கு. பன்னெண்டு வோல்ட்டும் வருது. அப்ப, போற கரண்டு திரும்பி வரத்தான் வழியில்ல." குனிந்து கறுப்பு ஒயர் ஒன்றைத் தடவிக்கொண்டே போனவள் துள்ளினாள். "சிக்கிருச்சு! பொங்குன ஆசிட்டு பட்டு, வண்டிச் சட்டத்துல முடுக்குன எர்த் ஒயர் அரிச்சுப்போச்சு. சமையல்கட்டுல ஆப்பசோடாவும் சுடுதண்ணியும் வாங்கியாங்க. ஜெனரேட்டர் ரூமுல டிஸ்டில்டு வாட்டர் இருக்கும், அதையும் கேளுங்க. ஓடுங்கண்ணே!"

ஓடினான். திரும்பி வரும்போது மண்டபத்து மேனேஜர் பீமாராவ் போனில் வந்தார். "பொண்ணு ரூமு கதவையே திறக்கலய்யா. உள்ளாற மேக்கப்பு போடுறாங்களாம். பொண்ணு ரெடியாயிட்டா உடனே கிளம்பணும். உன் வண்டி என்னாச்சு?"

"ஆச்சு சார், ஆச்சு!"

போனை வைத்தவனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "எல்லாம் இந்தப் பொண்ணால வந்த வினை தங்கச்சி. மாப்பிள்ள வீட்டுல ரெட்டைக்குதிர சாரட்டே ஏற்பாடு பண்ணுனாங்களாம். அதெல்லாம் வேணாம், பேட்டரி வண்டியிலதான் வருவேன்னு ஒத்தக்கால்ல நின்னுச்சாம். கூறுகெட்ட பொண்ணு!"

அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "ஆமாண்ணே. கொஞ்சம் கூறு கம்மிதான்."

மெயின் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டாள். சோடாத் தண்ணீரை ஊற்றித் தேய்த்ததும் நுரை புசுபுசுவென்று பொங்கியது. பிரஷால் தேய்க்கத் தேய்க்க ஈயம் பளபளத்தது. துடைத்துக் காயவைத்து, அரித்த ஒயரை வெட்டி, புது முனை வைத்து, சட்டத்தின் துருவைச் சுரண்டி முடுக்கினாள். கடைசியாக மூடிகளைத் திறந்து தண்ணீர் விட்டாள்.

"உள்ள இருக்குற ஈயத் தட்டு முங்குற அளவுக்குத்தான் இப்ப ஊத்துறேன். ராத்திரி சார்ஜு போட்டு முடிச்சப்புறம் மிச்சத்த ஊத்துங்க. குழாத் தண்ணி ஆகவே ஆகாது. மாசம் ஒருக்கா மறக்காமப் பாருங்க." மெயின் ஒயரை மாட்டினாள். "இப்பப் போடுங்க!"

ஜெயபாண்டி கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைத் தட்டினான்.

மசங்கிக்கொண்டிருந்த தோட்டத்தில் வெள்ளை வெளிச்சம் பளீரென்று பாய்ந்தது. பந்தல்காரர்கள் விசிலடித்தார்கள். ஜெயபாண்டி ஹாரனை விடாமல் அடித்தான். இறங்கி வண்டியைச் சுற்றிக் குதித்தான்.

"தெய்வமே! நீ சாப்பிடாமப் போகக் கூடாது. பந்தியில என் பக்கத்துலதான் உக்காரணும்!"

"பந்தியில உக்கார இன்னைக்கு எனக்கு நேரமிருக்காதுண்ணே" என்றபடி அவள் கையுறையை உருவும்போது, மண்டபத்தின் பின்கதவு படாரென்று திறந்தது. மணப்பெண்ணுக்கு மேக்கப் போடும் அஸ்வினி கையில் சீப்போடு தலைதெறிக்க ஓடிவந்தாள்.

"அக்கா, போதும் வாங்கக்கா! மாப்பிள்ளையோட அம்மாவே வந்து கதவத் தட்டுறாங்க. உள்ளாற பொண்ணுக்குச் சேல கட்டிக்கிட்டு இருக்கேன்னு இன்னும் எம்புட்டு நேரந்தான் வெறும் நாற்காலியப் பாத்துப் பொய் சொல்றது?"