வேணி 7319

எல்லோருடைய பெயருக்குப் பின்னாலும் ஒரு சரிபார்ப்பு எண் ஒட்டியிருந்தது. உடம்பை அளந்து போட்ட எண் அது. எலும்போ பல்லோ உடைந்தால் மாறிவிடும். எண் மாறாத உடம்பில் அடியே விழவில்லை என்றது சட்டம்.

தணிகாசலம் அதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தான். மனைவி வேணியை வயிற்றிலும் தொடையிலும் மட்டுமே மிதிப்பான். மிதித்து முடித்ததும் முடியைப் பிடித்து இழுத்துப்போய் வாசல் கதவின் கேமரா முன்னால் நிறுத்துவான்.

"வேணி 7319. எண் சரி" என்று கதவு சொல்லும்.

"பாத்தியா? உனக்கு ஒண்ணுமே ஆகலை."

அன்றும் கதவு அதையேதான் சொன்னது. அவன் சிரித்தான். கதவோரம் அவனுடைய டம்பெல் கிடந்தது. வேணி அதை இரண்டு கையாலும் தூக்கி, அந்தச் சிரிப்பின் மேலேயே இறக்கினாள். முன்பற்கள் தரையில் தெறித்தன.

கேமரா அவன் பக்கம் திரும்பியது. "எண் பொருந்தவில்லை. வீட்டுக்குள் அந்நியர். இவரைத் தெரியுமா?"

"வேணி, நான்தான்டி... சொல்லுடி!" வாயெல்லாம் ரத்தமாக அவன் அவள் காலைப் பிடித்தான்.

வேணி காலை உதறினாள்.

"யாருன்னே தெரியலை. போலீஸக் கூப்பிடு."