ஏழாம் அறைக் கரப்பான்கள்

"இதோட மூணாவது தடவை! நீங்க அடிக்கிறது மருந்தா, இல்ல கரப்பானுக்குச் சத்து டானிக்கா?"

முதியோர் இல்லத்தின் பொறுப்பாளர் அம்மாள் ஏழாம் அறை வாசலில் நின்று போட்ட சத்தத்தில், கட்டிலில் உட்கார்ந்திருந்த பெரியவரே திடுக்கிட்டு நிமிர்ந்தார். பூச்சி மருந்துக்காரர் முதுகில் மாட்டியிருந்த டேங்கை இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

"இல்லீங்கம்மா, போன மாசம் மூலை முடுக்கு விடாம அடிச்சேனே..."

"கதையெல்லாம் வேணாம். இன்னொரு தடவை இந்த அறையில ஒரு மீசை தெரிஞ்சாலும் உங்க கம்பெனியே வேணாம்னு எழுதிக் குடுத்துடுவேன். உங்க மேனேஜர்கிட்டயும் சொல்லிட்டேன்."

மேனேஜர் அதைக் காலையிலேயே மருந்துக்காரரின் காதில் போட்டிருந்தார். இந்த இடம் கை நழுவினால் உன் வேலையும் அதோடு போச்சு என்று ஒரு வரி சேர்த்தே போட்டிருந்தார். பதினோரு வருஷ வேலை. மனிதரால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை.

பொறுப்பாளர் அம்மாள் நகர்ந்ததும் டார்ச்சை எடுத்தார். அலமாரிக்குப் பின்னால் பார்த்தார். குளியலறையில் மண்டியிட்டுப் பார்த்தார். எழுந்து வந்து, சந்தேகம் தீராமல் மறுபடியும் போய்ப் பார்த்தார். முட்டை இல்லை, எச்சம் இல்லை. தண்ணீர் போகும் துளையின் கம்பிவலை கிழியவில்லை. சமையலறையிலும் பக்கத்து அறைகளிலும் வைத்திருந்த ஒட்டு அட்டைகளில் ஒரு கால்கூட ஒட்டவில்லை.

ஆனால் இங்கே, கட்டிலுக்கு அடியில் மட்டும் ஆறு கரப்பான்கள். அதுவும் அலமாரிக்குள் குடித்தனம் நடத்தும் பொடி ரகம் இல்லை. தெருச் சாக்கடையில் தின்று கொழுத்த ரகம். ஆறு பேரும் ஊரெல்லாம் விட்டுவிட்டு இந்த ஓர் அறையை மட்டும் விசாரித்துக்கொண்டா வந்தார்கள்?

அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. மருந்து அடித்தால் நெடி போக மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளும் அறைக்காரரை வீட்டார் அழைத்துப்போக வேண்டும் என்பது இல்லத்தின் வழக்கம். பெரியவரோ முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டு, ஊன்றுகோலும் கையுமாகத் தயாராக இருந்தார்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. இதுங்க தானா வரல. யாரோ கொண்டுவந்து விட்டிருக்காங்க."

பெரியவர் ஊன்றுகோலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"நான்தான் தம்பி," என்றார். "வீட்டுக்குப் போகணும்போல இருந்தது. நீங்க போய்ச் சொல்லிக்குங்க, பரவாயில்ல."

மருந்துக்காரருக்கு மனசு என்னவோ செய்தது. பாவம்தான். ஆனால் இன்றைக்குப் பாவம் பார்த்தால் நாளைக்குத் தன் பாடு திண்டாட்டம். விறுவிறுவென்று கூடத்துக்கு வந்தார்.

அங்கே பெரியவரின் மருமகள் வந்த வேகத்திலேயே பொறுப்பாளர் அம்மாளை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இல்லம் நடத்தறீங்க? மாசாமாசம் திருப்பி அனுப்பறதுக்கா கொண்டுவந்து விட்டோம்?"

இத்தனை நேரம் கர்ஜித்த பொறுப்பாளர் அம்மாள் இவளிடம் பூனையாகிவிட்டார். "கோவிச்சுக்காதீங்கம்மா. இந்தத் தடவை மாடியில ஒரு அறை காலியா இருக்கு. மூணு நாளும் அங்கயே வெச்சுக்கறோம்."

"மாடியா? படியில உருண்டு விழுந்தா யாரு பார்க்கறது? ஒண்ணும் வேணாம். என் தலையெழுத்து, நானே கூட்டிட்டுப் போறேன். கையெழுத்துப் போடற நோட்ட எடுத்துட்டு வாங்க!"

பொறுப்பாளர் அம்மாள் நோட்டை எடுக்கப் போனதும் மருமகள் கணவனுக்குப் போன் போட்டாள். எதிர்முனையின் எரிச்சல் மருந்துக்காரர் வரைக்கும் கேட்டது.

"திரும்பவுமா? வேற ரூம்ல போடச் சொல்லு!"

"ரூம் எதுவுமே காலி இல்லையாம்ங்க. நான் என்ன பண்ணட்டும்?"

மருந்துக்காரர் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார். ஆனாலும் அவருக்கு அவர் கவலை.

"அம்மா, ஒரு விஷயம். பூச்சியக் கொண்டுவந்து விடறது உங்க மாமனார்தான். அவரே ஒத்துக்கிட்டார். நான் இதச் சொல்லலன்னா என் வேலை போயிடும்."

அவள் முகத்தில் இருந்த சிடுசிடுப்பு அப்படியே வடிந்துபோயிற்று.

"மாமாவா? அவருக்குக் குனிஞ்சு செருப்பு மாட்டவே முடியாதுண்ணா. பழியத் தன் தலையில போட்டுக்கிட்டாரா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூடத்தில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரு வாய்ச்சண்டை. அந்தக் கோவத்துல எங்க வீட்டுக்காரர் மாமாவ இங்க கொண்டுவந்து விட்டுட்டார். வீட்டுக்கு வந்தா மூணாவது நாள்தான், 'சாப்பிட்டீங்களா'ன்னு ஒரு வார்த்தை இவர் வாயிலேர்ந்து வருது. அன்னைக்கே நாள் முடிஞ்சு போயிடுது. இந்தத் தடவை நெடி போக ஒரு மாசம் ஆகும்னு எழுதிக் குடுங்கண்ணா. ரெண்டு பேரும் ராசியாயிடுவாங்க. அப்புறம் இந்த ரூம்ல ஒரு பூச்சி வராது, அதுக்கு நான் பொறுப்பு."

"நீங்க எப்படிம்மா பொறுப்பேற்க முடியும்?"

"எனக்குக் கரப்பான்னாலே உயிர் போகும்ணா. மாசாமாசம் சாக்கடை மூடியத் தூக்கி, அதுங்களப் பிடிச்சு டப்பாவுல போட இனிமே என்னால ஆகாது!"