நாலாம் நம்பர் ஜன்னல்

"இந்தத் தண்ணி பில்லு செல்லாது. அசல் வேணும். அடுத்த ஆள்!"

நாலாம் நம்பர் ஜன்னலில் டெல்ஃபின் சொல்லி வாயை மூடவில்லை. வரிசையில் அடுத்து நின்ற ட்ராவிஸ் அதே குரலில், அதே மூக்கடைப்போடு, ஒரு இழுப்புக் கூடப் போட்டுத் திருப்பிச் சொன்னான்.

"அசல் வேணூம்! அடுத்த ஆஆள்!"

லைசென்ஸ் ஆபீஸே சிரித்தது.

ஜன்னலில் நின்ற பெரியவர் வெர்னன் நகரவில்லை. "போன வாரம் நீங்கதானேம்மா விலாசத்துக்கு அத்தாட்சியாத் தண்ணி பில்லு கேட்டீங்க? கொண்டாந்திருக்கேனே."

"இது கம்ப்யூட்டர்ல எடுத்தது. தபால்ல வந்ததுதான் வேணும்."

"அம்பத்திரண்டு வருஷமா மிச்சிகன் லைசென்ஸ் வெச்சிருக்கேன். அதை வாங்கிக்கிட்டு உங்க ஃப்ளோரிடா லைசென்ஸைக் குடுக்கணும், அவ்வளவுதானே? அது இருந்தாத்தான் என் காரை இங்க பதிய முடியும். என் சம்சாரம் ஆர்லீனுக்குச் செவ்வாய், வியாழன், சனின்னு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். பக்கத்து வீட்டுக்காரனை எத்தனை நாளைக்குக் கெஞ்சறது?"

"புரியுது. ஆனா முடியாது."

"நம்ம வரிப்பணத்துல உக்காந்துக்கிட்டு என்னா திமிரு பாரு!" என்றாள் பின்னால் நின்ற தொப்பிக்காரி.

"பேப்பரைக் குடுத்தோமா, அந்த மெஷினுக்குள்ள எட்டிப் பாத்து நாலு எழுத்து படிச்சோமா, போட்டோவுக்குப் பல்லைக் காட்டினோமான்னு போயிட்டே இருக்கணும்" என்றான் ட்ராவிஸ். அவனும் ஒஹையோவிலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. "இந்த அம்மா நம்ம பாட்டன் பிறந்த சர்ட்டிஃபிகேட்டையும் கேக்கும் போல."

டெல்ஃபின் காதில் எல்லாம் விழுந்தது. ஒரு மஞ்சள் தாளை இழுத்துக் கடகடவென்று எழுதினாள். நாலாக மடித்து நீட்டினாள்.

"என்னென்ன வேணும்னு எழுதியிருக்கேன். நேரா உங்க வீட்டம்மாகிட்டக் குடுங்க."

"மகாராணி கடுதாசி குடுத்தனுப்பறாங்கப்பா!" என்றான் ட்ராவிஸ். மறுபடியும் சிரிப்பு.

பெரியவர் தாளைப் பிரித்தார். மூக்கருகே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். பிறகு ட்ராவிஸிடம் நீட்டினார்.

"தம்பி, கொஞ்சம் வாசியேன். ரொம்பப் பொடி எழுத்தா எழுதியிருக்கு."

எழுத்து ஒவ்வொன்றும் பட்டாணிப் பருமன் இருந்தது.

ட்ராவிஸ் குஷியாகத் தொண்டையைக் கனைத்து, மூக்கை அடைத்துக்கொண்டான். வரிசை காதைத் தீட்டிக்கொண்டது. அவன் கண் மட்டும் தாளில் ஓடியது.

'ஆர்லீன் அம்மாவுக்கு, பேப்பர் எல்லாம் சரியாத்தான் இருக்கு. உங்க வீட்டுக்காரருக்குத்தான் கண்ணு தெரியல. கையெழுத்தை ஃபார்முக்கு வெளியே மேஜைமேல போட்டாரு. கண் டெஸ்ட் மெஷின்ல பாக்க வெச்சா ஃபெயில்னு பதிவாயிடும். அப்புறம் லைசென்ஸ் வாங்கறது பெரும்பாடு. இத்தனை பேர் முன்னாடி அதை அவர்கிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல. நீங்க பக்குவமாச் சொல்லிக் கண் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. புரையா இருந்தா ஆபரேஷன்ல சரியாயிடும். அதுவரைக்கும் சனிக்கிழமை டயாலிசிஸுக்கு நான் காரோட வரேன், அன்னிக்கு எனக்கு லீவு. டெல்ஃபின்.'

கீழே போன் நம்பர்.

"என்ன தம்பி, எந்த பில்லாம்?" என்றார் பெரியவர்.

"படிப்பா, நாங்களும் கேக்கறோம்!" என்றாள் தொப்பிக்காரி.

ட்ராவிஸ் நிமிர்ந்தான். டெல்ஃபின் இமைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் தாளை மடித்துப் பெரியவரின் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தான். பிறகு டெல்ஃபின் குரலில், ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி முழங்கினான்.

"தண்ணி பில்லு தபால்ல வந்ததுதான் வேணூம்! அதுவும் கசங்காம வேணூம்!"

"ஐயோ, என்ன பொம்பளைப்பா இவ! ஈவு இரக்கமே கிடையாதா?" வரிசை மொத்தமும் டெல்ஃபினைத் திட்டித் தீர்த்தது.

அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள்.