கறுப்புத் தலை

யோகலிங்கத்தாருக்கு வயது ஐம்பத்தெட்டு. தலையைப் பார்த்தால் நாற்பதுகூடச் சொல்ல மாட்டீர்கள். மாதம் தவறாமல் டை. மீசைக்கும் சேர்த்துத்தான்.

"கிழவனுக்கு இளமை திரும்புது" என்று வட்டக்கச்சிச் சந்தியில் சிரித்தார்கள். "கிளிநொச்சி ரவுணிலை ஆரையோ வைச்சிருக்கிறாராம்" என்றும் ஒரு கதை உலாவியது. ஊருக்கு வேறு என்ன வேலை?

அவருடைய பேச்சும் அதற்கேற்ற மாதிரித்தான். வாயைத் திறந்தால் பழைய காலம். கரண்ட் இல்லாத நாட்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டதைச் சொல்லிச் சொல்லி மாளாது.

"ஒரு பாட்டு முடியிறதுக்கிடையிலை கை விட்டுப் போடும். எண்டாலும் அந்த வயசு இனி வருமோ!"

"இப்ப சுவிச்சைப் போட்டாப் பாட்டு. அது நல்லமில்லையோ?" என்பார் மனைவி இரஞ்சிதம்.

"நல்லம்தானப்பா. வாய்க்கால் நிறையத் தண்ணி, கல்வீடு, படிச்ச மகள். நான் இப்ப குறை சொன்னனானோ?"

குறை சொல்லவில்லை. ஆனால் டையையும் விடவில்லை. அது ஒத்துவராமல் தலையெல்லாம் கொப்புளம் போட்டது. டை அடிக்க வேண்டாமென்று டொக்டர் பேசினார். கேட்டால்தானே!

மகள் தேனுகாவின் கல்யாணத்துக்கு நாள் குறிக்க அன்று மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் விமலேஸ்வரி, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணை, உங்களையும் என்ரை மகனையும் பக்கத்திலை இருத்தினா, ஆர் மாப்பிளையெண்டு சனம் குழம்பப் போகுது."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்து வைத்தார்.

"பகிடி இல்லையண்ணை. உங்களைப் பற்றி ஊரிலை ஒரு மாதிரிக் கதைக்கினம். எங்கட காதிலையும் விழுந்தது. கலியாணத்தண்டு டை அடிக்காமல் மரியாதையா ஒரு சம்மந்தியா நில்லுங்கோ. ஓமெண்டு சொன்னா இப்பவே நாளைக் குறிப்பம்."

யோகலிங்கத்தார் தலையைக் குனிந்தார்.

"வேறை எதெண்டாலும் கேளுங்கோ தங்கச்சி. இது மட்டும் ஏலாது."

விமலேஸ்வரியின் முகம் மாறியது. கைப்பையை எடுத்துக்கொண்டு கதிரையை விட்டு எழும்பினார்.

"அப்ப மகளை விட உங்களுக்கு உந்தத் தலைமயிர் பெரிசு."

இரஞ்சிதம் வாயைத் திறக்கப் போனார். புருசன் கையைக் காட்டித் தடுத்தார். இரஞ்சிதமும் பாவம், எத்தனை வருசத்துக்குத்தான் இந்த விசயத்தில் வாயை மூடிக்கொண்டே இருப்பார்!

குசினிக்குள் நின்ற தேனுகாவுக்குப் பொறுக்கவில்லை. அழுதுகொண்டே வெளியே வந்தாள்.

"வெக்கமா இருக்கப்பா! உங்கட வாலிபம் முடிஞ்சுது. அது திரும்பி வராது. எல்லாற்றை அப்பாமாரையும் போலை வயசுக்கேத்த மாதிரி நில்லுங்கோவன். ஒரு நாள், எனக்காக!"

அவர் எழும்பி மகளின் அருகில் வந்தார். கண் கலங்கிவிட்டது.

"எனக்கும் கிழவனாக ஆசைதான் பிள்ளை. நரைச்ச தலையோடை, உன்ரை பிள்ளையளை மடியிலை வைச்சுக்கொண்டு, பேசாமல் இருக்க ஆசைதான்."

"பிறகு ஏனப்பா?"

"உன்ரை தம்பி செந்தூரன்…"

அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லி எவ்வளவோ காலம். விமலேஸ்வரி நின்ற இடத்திலேயே நின்றார்.

"முள்ளிவாய்க்காலிலை சனத்துக்குள்ளை அவன்ரை கை என்ரை கையை விட்டுப் போகேக்க, அவனுக்கு ஆறு வயசு. எனக்கு நல்ல கறுப்புத் தலை. நாளைக்கு அவன் தேடிக்கொண்டு வந்து கேற்றடியிலை நிண்டா, ஒரு வெள்ளைத் தலைக் கிழவனைத் தன்ரை தேப்பனெண்டு எப்பிடிப் பிள்ளை மட்டுக்கட்டுவான்?"