பாதியில் நின்ற தொப்பி

"எல்லாத்தையும் பைக்குள்ள போடு வசீலா. ஹூரியா வர்ற நேரம்."

சுலைகா டீச்சர் சொன்னது காதில் விழாத மாதிரி வசீலா பின்னிக்கொண்டே இருந்தாள்.

எட்டு மாத வயிறு ஆசிரியர் அறை மேசையில் இடித்தது. மேசை முழுக்கக் கம்பளி நூல். ஒரு ஊசியில் இன்னும் கை பின்னாத ஸ்வெட்டர், இன்னொன்றில் ஒற்றைக் காலுறை, மூன்றாவதில் போர்வை, நாலாவதில் உச்சி மூடாத தொப்பி. ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்குவதுதான் அவள் வழக்கம்.

"உன் புள்ளைக்குப் புள்ள பொறக்கறப்பதான் இதெல்லாம் முடியும்" என்று அல்ஜீரியாவின் பத்னா ஊர்த் தொடக்கப் பள்ளி ஆசிரியைகள் கேலி செய்வார்கள். கேலியை ஆரம்பித்து வைத்ததே ஹூரியாதான்.

ஹூரியாவும் வசீலாவும் ஒரே மாதத்தில் உண்டானவர்கள். இடைவேளையில் ஒட்டி உட்கார்ந்து பின்னுவார்கள். ஏழாம் மாதம் ஹூரியாவின் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. நாற்பது நாள் கழித்து, இன்றுதான் வேலைக்குத் திரும்புகிறாள்.

"உன்னைத்தாண்டி சொல்றேன். இதையெல்லாம் பாத்தா அந்தப் பொண்ணு வயிறு எரியாதா?"

"அவளுக்காகச் சொல்றீங்களா, எனக்காகவா அக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்" என்றாள் சுலைகா சட்டென்று.

காலையிலிருந்து எல்லாம் அவள் ஏற்பாடுதான். அலமாரியில் ஒட்டியிருந்த குழந்தைப் படங்களைக் கிழித்தாயிற்று. பேச்சில் 'பிள்ளை' என்ற வார்த்தையே வரக் கூடாது என்று எல்லாரிடமும் சொல்லியாயிற்று. இந்த ஒருத்திதான் அடங்க மாட்டேன் என்கிறாள்.

கதவு திறந்தது. கோட்டில் பனித்தூளோடு ஹூரியா நின்றாள்.

எல்லாரும் எழுந்து கன்னத்தில் முத்தமிட்டார்கள். முத்தமிட்டதுமே பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். சுலைகா அவளுக்குக் காபி ஊற்றிக் கொடுத்து, இரண்டு பேருக்கும் நடுவில் தானே உட்கார்ந்துகொண்டாள். தன் சால்வையை எடுத்து வசீலாவின் வயிற்றில் போட்டாள்.

"என்னா குளிரு!"

"ஆமா, அல்ஜியர்ஸ் ரோட்டையே மூடிட்டாங்களாம்" என்றாள் ஒருத்தி.

எல்லாரும் காபியை உறிஞ்சினார்கள்.

"ஏய் ஹூரியா" என்றாள் வசீலா. "இந்தத் தொப்பிக்கு உச்சியை மூட வரலைடி. மூணு தடவை பிரிச்சுட்டேன். நீ முடிச்சுக் குடு."

தொப்பியை ஊசியோடு அவள் பக்கம் தள்ளினாள்.

சுலைகா வசீலாவின் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப்போனாள்.

"உனக்கு மனசா, கல்லா? பறிகொடுத்துட்டு வந்து நிக்கிறவ கையில குழந்தைத் தொப்பியைக் குடுக்கறியே!"

"அவளுக்குப் பின்ன வரும்கா. எனக்கு வராது."

"வெளையாடறியா? அவ மனசு என்ன பாடுபடும்?"

"தெரியலக்கா. ஆனா நாப்பது நாளா நான் அவளைப் பாக்கப் போறப்பெல்லாம் கோட்டை மூடிக்கிட்டுத்தான் போனேன். என் வயித்தைப் பாக்காம அவ சுவத்தைப் பாத்துதான் பேசினா. இனிமே என்னால முடியாது."

சுலைகா, "எக்கேடோ கெட்டுப்போ" என்று உள்ளே திரும்பினாள்.

ஹூரியா மேசையோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தத் தொப்பி. ஊசி இரண்டும் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தன.

"எத்தனை ஓட்டை விட்டிருக்கே பாரு, கழுதை! இதைப் போட்டா உன் புள்ள மண்டையில பனி கொட்டும்."

'பிள்ளை' என்ற வார்த்தை அவள் வாயிலிருந்தே வந்துவிட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஹூரியாவும் லேசாகச் சிரித்தாள்.

மணி அடிக்கும்போது தொப்பி முடிந்திருந்தது. வசீலா அதை வாங்கித் தன் வயிற்றின் மேல் கவிழ்த்து அழகு பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிப் பையில இதைத்தான் எல்லாத்துக்கும் மேல வைக்கப் போறேன். பொறந்ததும் மொதல்ல தலையில ஏறப்போறது இதுதான்."

"நான் பின்னினதையா?"

"வேற எது முடிஞ்சிருக்கு எங்கிட்ட?"

ஹூரியா அவளையே பார்த்தாள். உதடு கோணியது. "எங்க அண்ணி..." என்று தொடங்கினாள். "எங்க அண்ணி அவ கைக்குழந்தைய எங்கிட்ட குடுக்கறதில்லடி. நான் வந்தா தூங்குதுன்னு சொல்லி உள்ள தூக்கிட்டுப் போயிடறா."

அவ்வளவுதான். மேசையில் தலையைக் கவிழ்த்து, வாய்விட்டு அழுதாள். வசீலா தன் பெரிய வயிற்றோடு சிரமப்பட்டுக் குனிந்து அவளைக் கட்டிக்கொண்டாள். சால்வை நழுவிக் கீழே விழுந்ததை யாரும் எடுக்கவில்லை.

சுலைகாவுக்கும் கண் கலங்கிவிட்டது. ஹூரியாவுக்குக் கைக்குட்டை கொடுக்க அவசரமாகக் கைப்பையைத் திறந்தாள். கைக்குட்டையோடு ஒட்டிக்கொண்டு வந்த காகிதப் பொட்டலம் ஒன்று தரையில் விழுந்து அவிழ்ந்தது.

கல் உப்பு.

ஹூரியா வகுப்புக்குப் போனதும் வசீலாவுக்குத் திருஷ்டி சுற்றிப் போடுவதற்காக வீட்டிலிருந்தே மடித்துக்கொண்டு வந்தது.

சுலைகா நிமிரவில்லை.

ஹூரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். குனிந்து, சிதறிய உப்பை விரலால் கூட்டி அள்ளிப் பொட்டலத்தில் போட்டாள். அதை மடித்து சுலைகாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"அவளுக்குப் போடறப்போ எனக்கும் சேத்து சுத்திப் போடுங்கக்கா. கண்ணு பட்டது எனக்குத்தானே?"