கூப்பிடும் பெயர்

நாற்காலி காலியாக இருந்தது.

அவள் குளித்துவிட்டு வந்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. செய்தித்தாள் தரையில் விழுந்திருந்தது. அவருடைய செருப்பு இரண்டும் வைத்த இடத்திலேயே இருந்தன.

"என்னங்க" என்றாள்.

படுக்கையறையில் இல்லை. அடுக்களையில் இல்லை. காருக்குள் எட்டிப் பார்த்தாள், அங்கேயும் இல்லை.

பின்கதவைத் திறந்தாள்.

வீட்டுக்குப் பின்னால் புல்வெளி. புல்வெளி முடிந்தால் குளம். கரையில் ஒரு பலகை, அதில் முதலைப் படம். வந்த புதிதில் இருவரும் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து சங்கரன்கோவிலுக்கு அனுப்பினார்கள். இப்போது அந்தப் பக்கம் திரும்பவே அவளுக்குப் பயமாக இருந்தது.

சத்தம் போட்டுக் கூப்பிடலாம். அதற்கும் பயம்.

நாற்பதே வீடுகள் உள்ள குடியிருப்பு, ஃப்ளோரிடாவில். ஐம்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு மட்டும். ஆனால் அங்கே யாரையும் வயதானவர் என்று சொல்லிவிட முடியாது. எண்பது வயதுக்காரர் அரைக்கால் சட்டையோடு பந்தடிப்பார், அவர் மனைவி நீச்சல் குளத்துக்குள் நடனம் ஆடுவாள். மகன் பார்த்து வாங்கிக் கொடுத்த வீடு. தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடிந்தவர்கள்தான் இங்கே இருக்கலாம் என்று சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

ஆறு மாதமாக அவருக்கு மறந்துகொண்டே வந்தது. முதலில் சாவி வைத்த இடம். பிறகு மகன் இருக்கும் ஊர். போன வாரம், சாப்பிட்டோமா என்பதே.

அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மற்றவர்கள் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் முந்திக்கொண்டு அவருக்காகப் பதில் சொன்னாள். கெட்டிக்காரிதான். இன்று தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பத்து நிமிஷத்தில் எல்லாம் கைவிட்டுப் போயிற்று.

மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. இடி உருண்டது.

தெரிந்தால் தெரியட்டும். வாசலில் நின்று அடித்தொண்டையில் கூப்பிட்டாள்.

"என்னங்க!"

பக்கத்து வீட்டு ஜூடித் தோட்டத்திலிருந்து மண் கையோடு ஓடிவந்தாள். இவள் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் போனை எடுத்தாள். ஐந்து நிமிஷத்தில் ஆறு கோல்ஃப் வண்டிகள் வந்து நின்றன. தீயணைப்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் ஒலிபெருக்கியோடு வந்தார்.

யாரும் அவர் பெயரைக் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"என்னாங்கா" என்று முழங்கியது ஒலிபெருக்கி.

"மிஸ்டர் என்னாங்கா" என்றார் இன்னொருவர், புதருக்குள் குனிந்து.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அந்தப் பயத்திலும் சிரிப்பு வந்தது. வந்த அன்று அவர் தன் பெயரை முழுதாகச் சொன்னபோதே அவர்கள் கைவிட்டிருக்க வேண்டும். மூன்று வருடமாக அவள் கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் பெயர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

திருத்தலாம். ஆனால் நாற்பத்தோரு வருடத்தில் அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. ஊரில் ரேஷன் கடையில் கேட்டால்கூட அட்டையைத்தான் நீட்டுவாள். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். நம்புகிறாயா என்று கேட்டால் இல்லை என்பாள். இருந்தாலும் எதற்கு வம்பு என்று இருந்துவிட்டாள்.

முதல் தூறல் விழுந்தது. குளத்து நாணலுக்குள் ஏதோ சளப்பென்றது.

கரைக்கு ஓடி, "கோமதிநாயகம்" என்று கத்தினாள்.

பெயர் தண்ணீர்மேல் போயிற்று. பதில் இல்லை. மறுபடியும் கத்தினாள். அப்படி ஒருவரை அவளுக்கே தெரியாதது போல இருந்தது. செய்யக்கூடாததைச் செய்துவிட்டோம் என்று தோன்றியது.

அப்போது அக்கரையில் ஜூடித்தின் குரல் கேட்டது.

"என்னங்க."

மற்றவர்களைப் போல இழுக்கவில்லை, முழக்கவில்லை. கடைசியில் லேசாகத் தணிந்தது. காப்பி ஆறிப்போகிறது என்று தினமும் இவள் கூப்பிடுவதை வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டுக் கேட்டுப் படிந்திருந்தது.

நாணல் அசைந்தது.

அவர் எழுந்து வந்தார். முழங்கால் வரை சேறு. காயம் எதுவும் இல்லை. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. புடவை தடுக்க, கரையைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

கிட்டே போனபோது அவர் ஜூடித்தின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அத்தனை நிம்மதியை அவள் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

"எவ்வளவு நேரமா உன்னயத் தேடுதேன்" என்று அவர் ஜூடித்திடம் சொன்னார். "வா, வீட்டுக்குப் போவோம்."

இவளையும் பார்த்தார். மரியாதையாகத் தலையசைத்தார்.

வண்டிகள் வந்து சேர்ந்தன. எல்லாரும் மழையில் நனைந்துகொண்டு சிரித்தார்கள். யாரோ அவர்மேல் ஒரு துண்டைப் போர்த்தினார்கள். அவர் என்ன சொல்கிறார் என்று ஜூடித் கேட்டாள். அங்கே தமிழ் தெரிந்தவள் இவள் ஒருத்திதான்.

அவர் தோளில் நழுவிய துண்டை அவள் இழுத்துவிட்டாள்.

"உங்களுக்கு நன்றி சொல்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

எல்லாரும் கைதட்டினார்கள்.